பெயரை மாற்றியதும் திறந்த படிவம்

ஹட்டனில் நான் பயன்படுத்தும் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளமும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும்தான் உள்ளன. மகளின் விண்ணப்பத்தை நிரப்பச் சென்றபோது, உலாவி ஏற்கப்படாது என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டு அந்த இணையத்தளம் நின்றுவிட்டது. குக்கிகளை அழித்தும் பயனில்லை. ஒவ்வொரு உலாவியும் தன் பெயர், பதிப்பு, இயங்குதளம் ஆகியவற்றை ‘யூசர் ஏஜென்ட்’ என்னும் வரியில் சொல்லி அனுப்புகிறது. தளம் உலாவியின் திறனைச் சோதிக்காமல் அவ்வரியை மட்டுமே பார்க்கிறது என்று ஊகித்து, ஃபயர்ஃபாக்ஸின் உள் அமைப்புகளை மாற்றும் ‘அபவுட்:கான்ஃபிக்’ பக்கத்தில் ‘ஜெனரல்.யூசர்ஏஜென்ட்.ஓவர்ரைடு’ என்ற அமைப்பை உருவாக்கி (இரண்டையும் ஆங்கில எழுத்திலேயே about:config, general.useragent.override என்று தட்டவேண்டும்), விண்டோஸில் இயங்கும் குரோம் உலாவியின் வரியை அதில் ஒட்டினேன். பக்கத்தை மீளேற்றியதும் பிறந்த திகதிக் கட்டம் உட்பட எதுவும் பிசகாமல் படிவம் திறந்தது. வாயிற்காவலர் முகத்தைப் பாராமல் தொப்பியைப் பார்த்து உள்ளே விட்டது போலத்தான். பற்றுச்சீட்டை அச்சிட்டதும் அந்த அமைப்பை நீக்கினேன். விட்டுவைத்தால் வேறு தளங்கள் குரோமுக்கான நிரலை அனுப்பிக் குழப்பக்கூடும்.