தாய்மையைத் திகில் நாவலாக எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை வட்டாரத்தைக் களமாக வைத்துத் திகில் நாவல் எழுதும் நண்பர்கள் தங்கள் கைப்பிரதிகளை என்னிடம் படிக்கத் தருகிறார்கள். தாயும் தலைமுறைத் துயரமும்தான் பலருக்கும் கரு. பெரும்பாலோர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: பெற்றவளையே பேயாக்கிவிடுகிறார்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலை 1986இல் பத்திரிகைகள் வழியாக நாடெங்கும் தெரியவந்தது. சிசுவைக் கொல்லக் கொடுத்த எருக்கம்பாலும் நெல்மணியும் எல்லாக் கைப்பிரதிகளிலும் வந்துவிடுகின்றன. பாலைப் புகட்டிய கை யாருடையது, திண்ணையில் வரதட்சணைக் கணக்குப் பேசியவர்கள் யார் என்பது மட்டும் வருவதில்லை. பச்சை உடம்புக்காரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. தானாகக் கசிந்து சேலை நனைகிறது. குடிக்கப் பிள்ளை இல்லை. இதை நிதானமாக எழுதுங்கள். அவள் தலைவிரிகோலமாக அலறவே வேண்டாம்.

இந்தக் கொடுமையை ஓர் ஊருக்கும் ஒரு சாதிக்கும் மட்டும் எழுதி வைப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை. வேண்டாமென்ற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்லச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் தொடங்கியது சேலத்தில்.

நெல்லை, குமரிப் பக்கத்து அம்மனான இசக்கியை உசிலம்பட்டிக் கொல்லையில் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். இங்கே பேச்சியம்மன் இருக்கிறாள். மதுரையில் வைகைக் கரையில் அவள் பெயரில் படித்துறையே உண்டு. பிரசவத்துக்குப் பின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பெண்களுக்கு வரும் கடுமையான மனநோயை முனி பிடித்ததாக எழுதி முடித்துவிடுவதும் தவறு. அது சிகிச்சையால் குணமாகக்கூடியது. உங்கள் கதையைப் படிப்பவர்களில் அதிலிருந்து மீண்ட ஒருத்தி இருப்பாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கடைசி அத்தியாயத்தில் பாட்டியை உட்காரவைத்துக் குடும்ப ரகசியத்தைச் சொல்லவைப்பது. பயம் அப்படிக் கைமாறுவதில்லை. பழக்கமாகத்தான் வரும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்திய வெள்ளையர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே ரேகைச் சட்டம் என்பார்கள். அதன்படி ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டியிருந்தது. அங்கே தலை எண்ணுவார்கள். எதிர்த்து நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் ஒழிந்தது. எண்ணுவது ஒழிந்திருக்குமா? சாவடிக்குப் போனவன் மகள் தன் பிள்ளைகளைத் தூங்கவைத்து, விளக்கைத் தணித்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுகிறாள். அவள் மகளும் எண்ணுகிறாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பேத்தியின் வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். ஒருநாள் இரவு எண்ணிக்கை நான்கில் போய் நிற்கிறது. மறுபடி தொட்டு எண்ணுகிறாள். நான்கு. அந்த நான்காவது யார் என்று எழுதிவிடாதீர்கள். அவள் யாரையும் எழுப்பவில்லை. போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து, அந்தத் தலைக்கும் சேர்த்துப் போர்த்திவிடுகிறாள்.