நோட்புக் செல்லின் போக்கை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மண்டபத்தில் எனக்கு அதுதான் பழைய கணக்குகளை நேர் செய்யும் காலம். ஏலத்தில் குறித்த துண்டுச்சீட்டுகளை எடுத்து ஜூப்பிட்டர் நோட்புக்கில் ஏற்றுவேன். பைத்தான் கோடைச் ‘செல்’ எனப்படும் கட்டங்களில் எழுதி, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் அது. சீட்டில் ‘நகரை 12 கூடை’ என்று மீன் பெயரும் அளவும் இருக்கும். செல்லில் ‘12 கூடை’ என்று தட்டினாலே கிலோ வந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நோட்புக்கின் பின்னால் கோடை ஓட்டும் ஐபைத்தானில் அதற்கு வழி உண்டு. செல்லில் உள்ள வரிகளை, பைத்தான் படிக்கும் முன்பே வாங்கித் திருத்தும் ஃபங்ஷன்களை ஒரு பட்டியலில் சேர்க்கலாம். 2018இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. ‘கூடை’ என்ற சொல்லை ‘* 30’ ஆக்கும் ஃபங்ஷன் ஒன்றைத் தனிக் கோப்பில் எழுதி, ஒரு செல்லிலிருந்து அந்தக் கோப்பை ஓட்டிச் சேர்த்தேன். 360 வந்தது, சந்தோஷம்.

அப்புறம் கூடைக்கு 28 கிலோதான் சரி என்று தெரிந்தது. கோப்பில் எண்ணைத் திருத்தி அந்தச் செல்லை மறுபடி ஓட்டினேன். 336 வர வேண்டும், ஆனால் 360தான் வந்தது. காரணம் எளிது. செல்லை மறுபடி ஓட்டினால் பழைய ஃபங்ஷன் போகாது. புதியது அதற்குப் பின்னால் போய் நிற்கும். பழையது முதலில் வேலை செய்து ‘கூடை’யை எடுத்துவிடுகிறது, புதியதற்கு மாற்ற ஒன்றும் மிஞ்சுவதில்லை. பிழைச்செய்தி கூட வராது என்பதால் இதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகச் சொல்வேன். சேர்க்கும் முன் பழையதைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள், அல்லது கெர்னலை, அதாவது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் ஐபைத்தானை, மறுதொடக்கம் செய்யுங்கள்.

இன்னொன்று, இந்த ஃபங்ஷனுக்கு எது கணக்கு, எது மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்து என்று தெரியாது. வரைபடத்துக்கு ‘கூடை கணக்கு’ என்று தலைப்பு வைத்தேன். ‘* 28 கணக்கு’ என்று அச்சாகி வந்தது. தமிழில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. கொடுவா என்ற மீன் பெயரில் வரும் ‘கொ’வின் ஒகரக் குறியை, ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், தேடும்போது ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. மாறிப் பெயர்களில் பைத்தான் தானே இரண்டையும் ஒன்றாக்கிவிடும், மேற்கோளுக்குள் ஆக்காது.

இந்த ஃபங்ஷனுக்குள் கோப்பில் எழுதுவது போன்ற வேலைகளையும் வைக்காதீர்கள். கோட் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கும்போதும் அதை ஐபைத்தான் அழைக்கக்கூடும்.

பலருக்கு இவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையே இல்லை. கடைசி வரியின் விடை மட்டும் தெரிகிறது, எல்லா வரியும் தெரிய வேண்டும் என்பதுதான் குறை என்றால், ‘ஏஎஸ்டி நோட் இன்டராக்டிவிட்டி’ என்ற அமைப்பை ‘ஆல்’ என்று மாற்றினால் போதும். மாற்றிய செல்லில் அது தெரியாது, அடுத்த செல்லிலிருந்துதான். வேலை முடிந்ததும் பழையபடி வையுங்கள், இல்லாவிட்டால் வரைபடம் போடும் ஒவ்வொரு வரியும் வேண்டாததையெல்லாம் கொட்டும்.

சில செல்களை மட்டும் வேறு மாதிரி ஓட்ட வேண்டுமா? செல் மேஜிக் எழுதுங்கள். செல்லின் முதல் வரியில் இரட்டைச் சதவீதக் குறியோடு எழுதும் கட்டளை அது, அந்தச் செல்லை மட்டும் நாம் சொன்னபடி ஓட்டும். மாற்றம் எங்கே நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அந்த வரிக்கு மேல் ஒரு கமென்ட் வரி இருந்தாலும் வேலை செய்யாது. செல்லின் உள்ளே இருப்பதை வெறும் ‘எக்செக்’ என்ற பைத்தான் ஃபங்ஷன் கொண்டு ஓட்டினால் கடைசி விடை திரையில் வராது என்பதையும் கவனியுங்கள்.

நான் என் ஃபங்ஷனை, ஐபைத்தான் தொடங்கும்போதே தானாக ஓட்டும் அதன் ஸ்டார்ட்அப் கோப்புறையில் போட்டு வைத்திருந்தேன். பாம்பனில் இருக்கும் நண்பருக்கு நோட்புக்கை அனுப்பியபோது, ‘12 கூடை’ இருந்த செல் எல்லாம் இலக்கணப் பிழை என்று நின்றுவிட்டது. என் கணினியில் இருந்த ஃபங்ஷன் அவரிடம் இல்லையே. அன்றைக்கே அதை அழித்தேன். பைத்தான் 3 தமிழ் மாறிப் பெயர்களை ஏற்கும். இப்போது முதல் செல்லில் ‘கூடை = 28’ என்று ஒரு வரி இருக்கிறது, கீழே ‘12 * கூடை’ என்று எழுதுகிறேன்.