மும்பை மாரத்தான்: முதல்முறை 42 கிலோமீட்டர் ஓடுபவர்கள் பெத்தர் ரோட்டுக்குத் தயாராவது எப்படி?

"அடுத்த ஜனவரியில் மும்பையில் ஃபுல் மாரத்தான் ஓடலாம் என்று இருக்கிறேன், எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது பெத்தர் ரோட்டைப் பற்றித்தான். தெற்கு மும்பையில் ஹாஜி அலிக்கும் கெம்ப்ஸ் கார்னருக்கும் நடுவே இருக்கும் சாலை. சாதாரண நாளில் நடந்து போனால் அது ஏற்றம் என்றே தோன்றாது. ஆனால் திரும்பி வரும் வழியில், ஏறக்குறைய 35 கிலோமீட்டர் ஓடிய கால்களோடு, உச்சந்தலையில் வெயிலோடு அதன் அடியில் நிற்கும்போது கதை வேறு.

நான் மூன்று முறை அந்த ஏற்றத்துக்கு வந்திருக்கிறேன். முதல்முறை நடந்துதான் ஏறினேன், அதுவும் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்த நிலையில். அடுத்த இரண்டு முறையும் நிற்காமல் ஓடி ஏறினேன். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். பயிற்சி, சாப்பாடு, தூக்கம், முதல் பத்து கிலோமீட்டர் வேகம் எல்லாமே அந்த ஒரு ஏற்றத்துக்காகத்தான் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 1: பதிவு

2004-இல் தொடங்கிய இந்த ஓட்டம் ஜனவரி மூன்றாம் ஞாயிறு நடக்கும். பதிவு பல மாதங்களுக்கு முன்பே திறந்து, இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். தவறவிட்டால் தொண்டு நிறுவனங்கள் வழியாக நிதி திரட்டி ஓடும் வாய்ப்பும் உண்டு. ஏற்கெனவே ஓடிய பந்தயத்தின் நேரச் சான்றிதழ் இருந்தால் பதிவிலேயே கொடுத்துவிடுங்கள். தொடக்கக் கோட்டில் எந்தப் பிரிவில் நிற்பீர்கள் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

ஒரு விஷயம். இதுவரை ஓடியே இராதவர்கள் நேராக 42.195 கிலோமீட்டருக்குப் பணம் கட்ட வேண்டாம். ஊரில் ஒரு ஹாஃப் மாரத்தானாவது முடித்துவிட்டு வாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு இருப்பவர்களும் நாற்பதைத் தாண்டியவர்களும் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை, தயவுசெய்து செய்யுங்கள்.

படி 2: பதினெட்டு வாரப் பயிற்சி

செப்டம்பர் நடுவில் ஆரம்பித்தால் சரியாக இருக்கும். வாரத்துக்கு நான்கு நாள் போதும். செவ்வாய் 6 முதல் 8 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். வியாழன் ஏற்றப் பயிற்சி. சனி 5 கிலோமீட்டர் மெதுவாக. ஞாயிறு நீண்ட ஓட்டம். ஞாயிறு ஓட்டத்தை 12-இல் ஆரம்பித்து வாரம் இரண்டு கிலோமீட்டர் கூட்டுங்கள், நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். மிக நீண்ட ஓட்டம் 30 அல்லது 32. அதைப் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசி வாரங்களில் "இன்னும் கொஞ்சம் ஓடிப் பார்ப்போமே" என்று மனசு அரிக்கும். ஓடாதீர்கள். அந்த ஓய்வில்தான் கால் பலப்படுகிறது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இரண்டு சிக்கல். முதலாவது மழை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை எப்போது சாலையை மூழ்கடிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அட்டவணையில் இரண்டு வாரம் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஈர சாக்ஸோடு இருபது கிலோமீட்டர் ஓடினால் கொப்புளம் நிச்சயம்.

இரண்டாவது, சென்னை தட்டையான ஊர். கடற்கரைச் சாலையில் எத்தனை நாள் ஓடினாலும் தொடைக்கு ஏற்றம் பழகாது. வியாழக்கிழமைகளில் நான் பரங்கிமலைக்குப் போவேன், இல்லையென்றால் நடைபாதை உள்ள ஒரு மேம்பாலத்துக்கு. ஏறும்போது சிறிய அடியாக வைத்து, இறங்கும்போது மூச்சை வாங்கிக்கொண்டு, ஆறு முதல் எட்டு தடவை. இது எல்லோரும் சொல்வதுதான். நான் கூடுதலாகச் சொல்வது, ஞாயிறு நீண்ட ஓட்டத்தின் கடைசி ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரு மேம்பாலம் வரும்படி பாதையைப் போட்டுக்கொள்ளுங்கள். களைத்த காலோடு ஏறிப் பழக வேண்டும். புதுக் காலோடு பத்து தடவை ஏறுவதைவிடக் களைத்த காலோடு ஒரு தடவை ஏறுவது பெத்தர் ரோட்டுக்கு நெருக்கமானது.

ஷூ விஷயத்தில் ஒன்றே ஒன்று. பந்தய நாளில் போடப்போகும் ஷூவை அதற்கு முன் குறைந்தது 60, 70 கிலோமீட்டராவது போட்டு ஓடியிருக்க வேண்டும்.

படி 3: ஓடிக்கொண்டே சாப்பிடப் பழகுவது

நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். நம் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் கால் ஈயமாகக் கனக்கும், தலை சுற்றும், "எதற்காக இதைச் செய்கிறோம்" என்று அழுகைகூட வரும். பெத்தர் ரோடு சரியாக அதற்குப் பின்னால் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

தீர்வு, தீர்ந்துபோகும் முன்பே ஊட்டிக்கொண்டே வருவது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. ஒரு நடுத்தர வாழைப்பழத்திலோ ஓடுபவர்களுக்கென்று கடையில் விற்கும் ஒரு மாவுச்சத்து ஜெல் பாக்கெட்டிலோ ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். முதல் 45 நிமிடத்தில் ஒன்று, அப்புறம் 40 நிமிடத்துக்கு ஒன்று என்பது என் வழக்கம். பசிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஜெல்லோ பேரீச்சம்பழமோ, உங்கள் வயிறு எதை ஏற்றுக்கொள்கிறது என்பதை ஞாயிறு ஓட்டங்களில் சோதித்துப் பார்த்துவிடுங்கள். என்னோடு பயிற்சி எடுத்த நண்பர் ஒருவர் முதன்முறையாக ஜெல் சாப்பிட்டதே பந்தயத்தில்தான். வோர்லியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், பாவம்.

தண்ணீரையும் அளவோடு குடியுங்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். பார்க்கிற இடத்திலெல்லாம் வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும், அது உயிருக்கே ஆபத்து. இடையிடையே ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புக் கலந்த பானம் எடுத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது. நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

படி 4: மும்பைக்குப் போய்ச் சேருவது

பிப் நம்பரை, அதாவது பனியனில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை, நேரில் போய்த்தான் வாங்க வேண்டும், பந்தய நாள் காலையில் கொடுக்க மாட்டார்கள். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் மூன்று நாள் நடக்கும் எக்ஸ்போவில் கொடுப்பார்கள். அடையாள அட்டை மறக்காதீர்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள், சனிக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு மூன்று மணி நேரம் நின்றால் கால் அங்கேயே களைத்துவிடும். எக்ஸ்போ கடைகளில் புது ஷூ, புது பனியன் எல்லாம் கண்ணைப் பறிக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடாதீர்கள்.

தங்குவதற்கு, ஓட்டம் தொடங்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் (சி.எஸ்.எம்.டி.) ரயில் நிலையத்தின் பக்கம் இடம் கிடைத்தால் நல்லது. நான் மாட்டுங்காவில் சித்தி வீட்டில் தங்குவேன், அங்கிருந்து லோக்கல் ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். சனிக்கிழமை மதியமே நல்ல சோறாகச் சாப்பிட்டுவிட்டு, இரவு ரசம் சாதமோ தயிர் சாதமோ அளவாக. மாட்டுங்காவில் நம் ஊர்ச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. வடா பாவ், பாவ் பாஜி, சாட் எல்லாம் திங்கட்கிழமைக்கு.

அன்று இரவு தூக்கம் வராது. எனக்கு மூன்று முறையும் வரவில்லை. வெள்ளிக்கிழமை இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் கவலை வேண்டாம்.

படி 5: விடியற்காலை

ஃபுல் மாரத்தான் காலை 5 மணிக்கு சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்கு எதிரில் தொடங்கும். இரண்டரைக்கு எழுந்து, மூன்று மணிக்குள் இரண்டு இட்லியோ வாழைப்பழமும் பிரெட்டுமோ சாப்பிட்டுவிடுங்கள். ஓடுபவர்களுக்காகச் சில ஆண்டுகளில் அதிகாலைச் சிறப்பு லோக்கல் விடுகிறார்கள். அந்த ஆண்டு உண்டா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்து ரயில் பெட்டி ஓர் அழகு. மொத்தப் பெட்டியிலும் பிப் குத்திய ஆட்கள், யாரும் யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அக்குள், தொடை இடுக்கு, மார்புக்காம்பு மூன்று இடத்திலும் வாசலின் தடவுங்கள். கழிப்பறை வரிசை நீளமாக இருக்கும், நாலரைக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும், நம் நேரத்தைப் பதிவு செய்யும் சிப்பை மடிக்காதீர்கள். துப்பாக்கி வெடித்த நேரத்தை நினைத்துப் பதற வேண்டாம், நீங்கள் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்கள் சொந்த நேரம் ஓட ஆரம்பிக்கும்.

படி 6: முதல் பத்து கிலோமீட்டர், மெதுவாக

இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. இருட்டு, குளிர்ச்சி, மரின் டிரைவ் விளக்குகள், பக்கத்தில் ஆயிரக்கணக்கான காலடிச் சத்தம். உடம்பில் வாரக்கணக்கில் சேர்த்த ஓய்வு. வேகமாகப் போகிறோம் என்பதே தெரியாது. முதல்முறை நான் 2 மணி 27 நிமிடத்தில் பாதி தூரம் போவதாகத் திட்டமிட்டு, 2 மணி 8 நிமிடத்தில் போய்விட்டேன். அப்போது ரொம்பப் பெருமையாக இருந்தது. அந்த 19 நிமிடத்தைப் பெத்தர் ரோட்டிலும் அதற்குப் பிறகும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தேன்.

ஐந்து மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை என்றால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம். முதல் பத்தில் அதைவிடப் பத்து விநாடி மெதுவாகவே போங்கள். எல்லோரும் முந்திக்கொண்டு போவார்கள், போகட்டும். போகும் வழியிலும் பெத்தர் ரோடு வரும். இருட்டில் எளிதாக ஏறிவிடுவீர்கள். அதை வைத்து எடைபோடாதீர்கள்.

படி 7: சீ லிங்க்கும் மாஹிமும்

2009-இல் திறந்த பாந்த்ரா வோர்லி சீ லிங்க் என்ற கடல்மேல் பாலத்தில் மற்ற நாட்களில் கால்நடையாகப் போக அனுமதி கிடையாது. நம் காலடியில் அந்தப் பாலம் கிடைப்பது இந்த ஒரு காலையில்தான். மும்பையில் ஜனவரியில் சூரியன் உதிக்க ஏழே கால் ஆகும். என் வேகத்துக்கு விடிந்தது பாலத்தின் மேல்தான். இடப்பக்கம் கடல் இன்னும் சாம்பல் நிறத்தில், வலப்பக்கம் ஊரின் பின்னால் வானம் சிவக்கிறது. போட்டோ எடுக்க ஆசைப்பட்டால் ஓரமாக ஒதுங்கி எடுங்கள். பாலத்தில் வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லாததால் ஒரு வெறுமை வரும். அந்த அமைதியில் மூச்சையும் தோளையும் சரிபார்த்துக்கொண்டு, அடுத்த ஜெல்லை எடுங்கள்.

பாலம் இறங்கி மாஹிம் வழியாகத் திரும்பினால் ஊரே வாசலுக்கு வந்திருக்கும். மும்பை மக்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். குடும்பம் குடும்பமாக நின்று ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட், சிக்கி, வெல்லம் என்று நீட்டுவார்கள். பிப்பில் அச்சிட்ட பெயரைப் படித்து நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சிவாஜி பார்க் பக்கம் ஒரு சிறுவன் என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. குழந்தைகளின் கையைத் தட்டிவிட்டுப் போங்கள், ஆனால் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். பிரபாதேவியில் சித்தி விநாயகர் கோயிலைத் தாண்டும்போது வெயில் ஏறிவிடும். அங்கிருந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள ஆரம்பியுங்கள்.

படி 8: பெத்தர் ரோடு

ஹாஜி அலியில் ஒரு வாய் ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். ஏற்றம் தொடங்கியதும் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். அடியைப் பாதியாகக் குறையுங்கள், கையை மட்டும் கொஞ்சம் வேகமாக வீசுங்கள், கால் அதைப் பின்பற்றும். உச்சியை நிமிர்ந்து பார்க்காமல் பத்தடி முன்னால் இருக்கும் சாலையைப் பாருங்கள். கால் இழுத்துப் பிடித்தால் வீம்பு வேண்டாம், ஓரமாக நின்று பாதத்தை நம் பக்கம் வளைத்து நீட்டிவிட்டு, நடக்க ஆரம்பியுங்கள். நடப்பதும் ஓட்டத்தில் சேர்த்திதான். ஆனால் நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றிக் கண் இருண்டாலோ, வியர்வை நின்றுபோனாலோ அங்கேயே நின்று மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும்.

முதல்முறை நான் அங்கே காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு பாட்டி, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்து உப்பு தூவிய ஆரஞ்சுச் சுளையை என் கையில் வைத்து, "ஆராம் ஸே, பேட்டா" என்றார். மெதுவாகப் போ, கண்ணு. அடுத்த ஆண்டு பாதி தூரத்தை 2 மணி 27-இல் கடந்து, அந்த இடத்தை ஓடியே தாண்டினேன். மொத்தம் 4 மணி 58 நிமிடம்.

உச்சி தாண்டி கெம்ப்ஸ் கார்னரில் இறங்கும்போது தொடை கத்தும், அடியைச் சிறிதாகவே வைத்திருங்கள். அப்புறம் மரின் டிரைவ். காலையில் அழகாக இருந்த அதே சாலை இப்போது நிழலே இல்லாமல் முடிவில்லாமல் நீளும். அடுத்த விளக்குக் கம்பம் வரை, அடுத்த விளக்குக் கம்பம் வரை என்று பிரித்துக்கொண்டு போங்கள். சர்ச்கேட் பக்கம் திரும்பியதும் சி.எஸ்.எம்.டி. வந்தேவிட்டது.

படி 9: முடித்த பிறகு

உடனே உட்காராதீர்கள். பத்து நிமிடமாவது மெதுவாக நடந்து, மெடலை வாங்கிக்கொண்டு, உப்பும் சர்க்கரையும் உள்ள எதையாவது குடியுங்கள். ஈர பனியனை மாற்றுங்கள். அரை மணிக்குள் திட உணவு. நேரச் சான்றிதழை இணையத்தில் இறக்கிப் பத்திரமாக வையுங்கள், அடுத்த ஆண்டு முன்வரிசைப் பிரிவு கேட்க அது வேண்டும்.

திரும்பும் ரயிலில் ஏறுவது சுலபம், மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் இறங்குவதுதான் கஷ்டம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்குங்கள், தொடை வலி பாதியாகும்.