ஏஜிசிய எக்செல்லயே போட்டுப் பாக்கலாம்

பாலிடெக்னிக்ல பவர் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு இது. ஏஜிசின்னா ஆட்டோமேட்டிக் ஜெனரேஷன் கன்ட்ரோல், அதாவது கரன்ட் உற்பத்தியை தானா கூட்டிக் குறைச்சு ஃபிரீக்வென்சியை 50 ஹெர்ட்ஸ்லயே வைக்கிற ஏற்பாடு. மத்தியானம் சிங்கப்பூர் தீவு முழுக்க ஏர்கான் ஓடும்போது லோடு ஏறும், ஜெனரேட்டர் மெஷின் லேசா மெதுவாகும், ஃபிரீக்வென்சி 50 ஹெர்ட்ஸுக்குக் கீழ இறங்கும்.

முதல்ல கவர்னர், அதாவது வேகம் குறைஞ்சா மெஷினோட பவரை தானா கூட்டுற கருவி. 400 மெகாவாட் மெஷின், ட்ரூப் (பவர் பூஜ்யத்துல இருந்து ஃபுல்லுக்கு மாற ஃபிரீக்வென்சி எவ்வளவு இறங்கணும்ங்கிறது) 4 சதவீதம்னு வைங்க, 50ல 4 சதவீதம் 2 ஹெர்ட்ஸ், அப்போ 0.1 ஹெர்ட்ஸ் இறங்குனா அது 20 மெகாவாட் கூட்டிக் கொடுக்கும். ஆனா அதோட நின்னுடும், 50க்கு திரும்பாது. மிச்சத்தை இழுக்கத்தான் ஏஜிசி.

ஷீட்ல ஒரு வரி 0.1 செகண்ட். ஜெனரேஷன்ல லோடை கழிச்சா வர்றதுதான் ஃபிரீக்வென்சியை ஏத்தும் இறக்கும். பிழையை, அதாவது 50ல இருந்து ஃபிரீக்வென்சியை கழிச்சா வர்றதை, கூட்டிக்கிட்டே வந்து கெயின்னு ஒரு எண்ணால பெருக்கி செட்பாயின்ட்ல (மெஷினுக்குக் குடுக்குற பவர் இலக்குல) சேருங்க, ஆனா இது மட்டும் 40 வரிக்கு ஒரு தடவை மாறணும், ஏன்னா நிஜத்துலயும் சிக்னல் சில செகண்டுக்கு ஒரு தடவைதான் போகும். கெயின் ஜாஸ்தி வச்சா கிராஃப் ஊஞ்சல் ஆடும், நான் முதல்ல அப்படித்தான் வச்சு ராத்திரி முழுக்க முழிச்சேன் லா.

ரேம்ப் லிமிட்டை, அதாவது மெஷின் பவர் எவ்வளவு வேகமா மாறலாம்ங்கிற வரம்பை, மறக்காதீங்க, கேஸ் டர்பைன்கூட நினைச்ச உடனே ஏறாது. மெஷின் ஃபுல் லோடுல முட்டிட்டா பிழையை கூட்டுறதையும் நிறுத்தணும், இல்லாட்டி லோடு குறைஞ்சப்புறமும் அது இறங்க மாட்டேன்னு அடம் பிடிக்கும்.

மலேசியா பக்கம் போற லைனையும் சேக்கணும்னா ஹெர்ட்ஸ் பிழையை மெகாவாட்டா மாத்திட்டு, அந்த லைன்ல வெளிய போகணும்னு திட்டமிட்ட பவர்ல நிஜமா போற பவரை கழிச்சு வர்ற வித்தியாசத்தையும் அதோட கூட்டிக்குங்க.