ஆளுக்கு முந்நூறு ரூபாயில் பரிசுப் பெட்டி: மதுரையில் வாங்குவதும் நிரப்புவதும்

குழந்தைகள் இல்லத்திலோ விடுதியிலோ இருக்கிற பிள்ளைகளுக்குப் பரிசுப் பெட்டி கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் கடைக்குப் போகாதீர்கள், இல்லத்துக்குப் போன் போடுங்கள். இல்லத்தின் கண்காணிப்பாளரிடமோ விடுதி வார்டனிடமோ ஐந்து விஷயம் கேட்டாலே பாதிப் பணம் வீணாகாது. எத்தனை பிள்ளைகள், ஆண் எத்தனை பெண் எத்தனை, எந்தெந்த வகுப்பு, கடந்த மூன்று மாதத்தில் வந்தவர்கள் என்ன கொடுத்துவிட்டுப் போனார்கள், இப்போது எது தீர்ந்துபோயிருக்கிறது. கடைசி இரண்டைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம், நோட்டு, பை, காலணி, வகுப்பைப் பொறுத்து கலர் பென்சில், ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் அரசே கொடுக்கிறது. அது தெரியாமல் நாமும் ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கிப் போனால் அலமாரியில் அடுக்கி வைப்பார்கள். அதே விடுதியில் குளித்துவிட்டுத் துவட்டத் துண்டு இருக்காது.

தனியார் இல்லமாக இருந்தால் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி பதிவு பெற்றதா என்று கேட்பதில் தப்பே இல்லை. முறையாக நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம்.

கணக்குக்கு வருவோம். 40 பிள்ளைகள் என்றால் 44 பெட்டி போடுங்கள். பட்டியல் வாங்கிய நாளுக்கும் கொடுக்கிற நாளுக்கும் நடுவில் இரண்டு மூன்று புதுப் பிள்ளைகள் சேர்ந்திருப்பார்கள். பெட்டிக்கு 300 ரூபாய் வைத்தால் மொத்தம் 13,200. அதில் டப்பாவுக்கு 70, பெரிய பொருள் ஒன்றுக்கு 90, எழுதுபொருளுக்கு 40, சோப்பு வகையறாவுக்கு 45, விளையாட்டுக்கு 30, தின்பண்டத்துக்கு 15, ஆட்டோ, டேப்புக்கு 10. விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் இந்த விகிதத்தை ரொம்ப மாற்ற வேண்டாம். பத்து சின்னச் சாமான்களைத் திணிப்பதைவிட ஒரு வருஷம் உழைக்கிற ஒரே பொருள் மேல். அந்த 90 ரூபாயை எங்கேயும் குறைக்காதீர்கள். குறைத்தே ஆக வேண்டும் என்றால் டப்பாவில் குறையுங்கள். செருப்புக் கடைகளில் சொல்லி வைத்தால் காலி ஷூ பெட்டி சும்மாவே கிடைக்கும்.

பெரிய பொருளுக்கு எங்கள் முதல் தேர்வு துண்டு. டர்க்கி டவல் பார்க்கப் பகட்டாக இருக்கும், ஆனால் விடுதிக் கொடியில் நாற்பது டவல் நெருக்கியடித்துத் தொங்கும்போது அது காயாது. ஐப்பசி மழையில் இரண்டே நாளில் வாடை வந்துவிடும். 30-க்கு 60 அங்குலத்தில் ஈரிழைத் துண்டு வாங்குங்கள், பிழிந்து போட்டால் சீக்கிரம் உலரும். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகளில் "டஜன் ரேட்டு என்னண்ணே?" என்றுதான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். ஆடித் தள்ளுபடியில் வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வாங்கும்போது துண்டை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், நெசவு கொசுவலை மாதிரி தெரிந்தால் வேண்டாம். ஓரத்தை ஈர விரலால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆளுக்கொரு நிறம் கொடுத்தால் "அவனுக்கு மட்டும் நீலம்" என்று சண்டை. எல்லோருக்கும் ஒரே நிறம் கொடுத்தால் யாருடையது எது என்று தெரியாது. ஒரே நிறமாகவே வாங்கி, ஒரு மூலையில் அழியாத மார்க்கரால் வரிசை எண் எழுதிவிடுங்கள். இல்லத்தில் எந்த எண் யாருக்கு என்று அவர்களே குறித்துக்கொள்வார்கள். எண்ணின் மேல் வண்ண நூலால் நாலு தையல் போட்டால் மார்க்கர் மங்கினாலும் அடையாளம் நிற்கும்.

துண்டு ஏற்கெனவே இருந்தால் அடுத்தது உள்ளாடை. வந்துபோகிறவர்கள் யாரும் கொடுக்காத பொருள் இதுதான். பனியன், ஜட்டியில் போட்டிருக்கும் 60, 65, 70 என்பது சென்டிமீட்டர் கணக்கு. வயதைச் சொல்லி வாங்காமல் அளவுப் பட்டியல் கேட்டு வாங்குங்கள். வளர்கிற பிள்ளைகள், ஒரு அளவு கூட இருந்தாலும் பரவாயில்லை, குறையக் கூடாது. இதைப் பழுப்புக் கவரில் தனியாகப் போட்டு ஒட்டிவிடுங்கள். எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறக்கிற பெண்பிள்ளை கூசக் கூடாது.

எழுதுபொருள், பேன்சிச் சாமானுக்குப் புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளையும் சுற்றுவட்டாரத்தையும் பாருங்கள். பலசரக்கு, சோப்புக்குக் கீழமாசி வீதி மொத்தக் கடைகள். நோட்டு மட்டும் நேராகச் சிவகாசியில் வாங்கலாமே என்று தோன்றும். 500 நோட்டுக்கு மேல் என்றால் சரி, 44 நோட்டுக்கு பஸ் காசுகூடத் தேறாது. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னருக்கு ஜிஎஸ்டி கிடையாது. சோப்பு, பேஸ்ட்டுக்கு 5 சதவீதம்தான். பில்லில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களிலும் தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரத்திலும் மாசி வீதிப் பக்கம் கொள்முதலுக்குப் போகாதீர்கள். மூட்டையோடு நகரவும் முடியாது, விலை பேசக் கடைக்காரருக்கு நேரமும் இருக்காது.

டப்பாவைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் வாங்கிவிட்டு அதற்குள் நோட்டு போகாமல் தவிப்பது வழக்கமாக நடக்கிற கூத்து. கிங் சைஸ் நோட்டு 24 செ.மீ. நீளம், 18 அகலம். டப்பாவின் வாய் 26 செ.மீ. இருந்தாலும் அடிப்பக்கம் குறுகிக்கொண்டே போகும், அதனால் அடியை அளந்து பாருங்கள். ஒரு நோட்டையும் ஒரு துண்டையும் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்ப்பதே உத்தமம்.

விளையாட்டுச் சாமானில் பேட்டரி வேண்டாம், ரெண்டு வாரத்தில் தீர்ந்துபோகும், மாற்ற ஆள் இருக்காது. ஸ்கிப்பிங் கயிறு, ரப்பர் பந்து, சீட்டுக்கட்டு அளவில் வரும் எழுத்து விளையாட்டு போதும். பொம்மை வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருந்தால் கோலிக்குண்டு, பலூன், வாயில் போகிற அளவில் எதுவும் கூடாது. கேரம் போர்டு மாதிரிப் பொருளை எல்லோருக்கும் பொதுவாக ஒன்று கொடுத்துவிடலாம்.

தின்பண்டத்துக்குச் சாக்லேட் வேண்டவே வேண்டாம். மதுரை வெயிலில் ஆட்டோவிலேயே உருகி நோட்டில் ஒட்டும். பாக்கெட் போட்டு, தேதியும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அச்சடித்த கடலை மிட்டாய் நல்லது. கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். இருந்தால் அந்த ஒருவருக்கு மட்டும் என்றில்லாமல் எல்லோருக்குமே பொரி உருண்டையாக மாற்றிவிடுங்கள். சோப்பும் மிட்டாயும் ஒரே டப்பாவில் ஒரு வாரம் கிடந்தால் மிட்டாய் சோப்பு மணக்கும், கவர் பிரிக்காமல் இருந்தாலும் மணக்கும். அதனால் தின்பண்டத்தைக் கொடுக்கிற அன்று காலையில்தான் போட வேண்டும். எறும்புத் தொல்லையும் இல்லை. தேங்காய் எண்ணெய் பாட்டில் வைத்தால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பேஸ்ட்டோடு சேர்த்து ஜிப் கவரில் போடுங்கள்.

நிரப்பும்போது பெட்டி பெட்டியாக நிரப்பாதீர்கள். 44 டப்பாவையும் தரையில் வரிசையாக வைத்து ஒரே பொருளை எல்லாவற்றிலும் போட்டு முடித்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். அடியில் நோட்டு, அதன்மேல் மடித்த துண்டு, ஓரங்களில் சோப்புக் கவரும் பேனாவும், நடுவில் விளையாட்டுச் சாமான். பொருளைக் கொட்டுவதற்கு முன்பே 44 எண்ணி எடுத்துவிட்டால், கடைசியில் கையில் இரண்டு மிஞ்சினால் இரண்டு டப்பாவில் விழவில்லை என்று அர்த்தம். அது எந்த டப்பா என்று தேட, காய்கறித் தராசு போதும். ஒரே வகைப் பெட்டிகள் கிட்டத்தட்ட ஒரே எடை காட்டும், ஒரு சோப்பு குறைந்தாலும் தராசு காட்டிக்கொடுக்கும். மூடியில் வயதுப் பிரிவும் ஆண் பெண் குறிப்பும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வண்ணக் காகிதம் சுற்றுவதானால் மூடியைத் தனியாகச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் காலையில் மிட்டாய் போடும்போது எல்லாவற்றையும் கிழிக்க வேண்டியிருக்கும்.

கொடுக்கும் இடத்தில் போன் உள்ளேயே இருக்கட்டும். இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவது அதே 2015 சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். நன்கொடையாளர்களுக்குக் காட்டப் படம் வேண்டுமென்றால், கிளம்புவதற்கு முன் வீட்டில் அடுக்கிய பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவராமல், மூடியில் ஒட்டிய சீட்டோடு வார்டனிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளாடை அளவு சேராதவர்கள் இருப்பார்கள், பாக்கெட் பிரிக்காத அந்த உள்ளாடைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு வாரத்துக்குள் பில்லோடு கடையில் மாற்றிவிட்டு வாருங்கள்.