ஒரே கிராமத்தில் நான்கு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கிராமத்துப் பக்கம் போய் நான்கு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிற பலர், போனதைவிட அதிகக் களைப்போடு திரும்பி வருகிறார்கள். ஊர்மேல் குறை இல்லை. நான்கு நாளில் மூன்று கிராமம், இரண்டு அருவி, ஒரு மலையுச்சி என்று அடுக்கிக்கொண்டு பாதிப் பொழுதை வண்டியிலேயே கழித்துவிடுகிறார்கள். அதனால் இந்த விளக்கம் முழுவதும் ஒரே ஓர் ஏற்பாட்டை வைத்துத்தான்: ஒரு கிராமம், ஒரு வீடு, குறைந்தது மூன்று இரவு. போகிற நாளும் திரும்புகிற நாளும் பயணத்திலேயே போய்விடும். நடுவில் முழுதாக இரண்டு நாளாவது கையில் இருந்தால்தான் அந்த ஊரைப் பார்த்தோம் என்று சொல்ல முடியும்.

படி 1: யார் யார் வருகிறார்கள், எதற்காக?

ஓய்வுக்குத்தான் போகிறோம் என்று எல்லோரும் சொல்வோம். ஒருவருக்கு ஓய்வு என்றால் காலையில் பத்து கிலோமீட்டர் நடப்பது. இன்னொருவருக்கு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து படிப்பது. கூட வருகிறவர்களிடம் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். வயதானவர்கள் வந்தால் படிக்கட்டு குறைவான வீடும், ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய மருத்துவமனையும் கட்டாயம். குழந்தைகள் வந்தால் வீட்டைச் சுற்றி ஓடியாட இடம் இருக்கிறதா, கிணறோ ஆழமான குளமோ பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

படத்தில் அடிக்கடி பார்த்த ஊரை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்து ஊரைத் தேடுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதி வேலையை முடித்துவிடும். ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்ற ஏரிக்கரைக் கிராமத்தில் ஆயிரம் பேர்கூட வசிப்பதில்லை. ஆனால் கூட்டம் அதிகமான நாட்களில் பல ஆயிரம் பேர் வந்து குவிகிறார்கள். செல்ஃபி எடுக்க எல்லோரும் மொய்க்கும் இடத்தில் 2023இல் ஒரு மரவேலி போட்டுக் காட்சியை மறைக்கிற அளவுக்கு விஷயம் போனது. எதிர்ப்பு வந்த பிறகு அதை எடுத்துவிட்டார்கள். அதே ஏரியின் இன்னொரு கரையில் ஓபர்ட்ரௌன் என்ற ஊர் இருக்கிறது. தண்ணீரும் அதே, மலைகளும் அவையே. ஜப்பானில் செங்குத்தான வைக்கோல் கூரை வீடுகளுக்குப் பேர்போன ஷிரகாவா-கோவுடன் சேர்த்து கோகயாமா கிராமங்களும் 1995இலேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. ஆனாலும் கூட்டம் அதிகம் போவது ஷிரகாவா-கோவுக்குத்தான்.

எங்கே தேடத் தொடங்குவது என்றே தெரியாவிட்டால், ஐக்கிய நாடுகளின் சுற்றுலா அமைப்பு 2021 முதல் வெளியிடும் 'சிறந்த சுற்றுலாக் கிராமங்கள்' பட்டியலைப் பாருங்கள். 15,000 பேருக்கு மேல் வசிக்காத, விவசாயம், காடு, கால்நடை, மீன்பிடிப்பு என்று ஏதாவது ஒன்று உயிரோடு இருக்கும் ஊர்களைத்தான் அதில் சேர்க்கிறார்கள். அந்தப் பட்டியலிலும் பக்கத்து ஊர் விதி பொருந்தும்.

மனதில் ஓர் ஊர் வந்ததும் மேப்பில் செயற்கைக்கோள் காட்சியைத் திறந்து பத்து நிமிடம் செலவழியுங்கள். வயலும் மரங்களும் வீடுகளை ஒட்டியே இருக்கின்றனவா? ஊரிலிருந்து கிளம்பும் மண்பாதைகள் தெரிகின்றனவா? பக்கத்தில் வெளிறிய சாம்பல் நிறத்தில் பெரிய பள்ளம் தெரிந்தால் அது கல் குவாரியாக இருக்கலாம். லாரிச் சத்தமும் தூசியும் நாள் முழுக்க இருக்கும். நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போனாலும் வேண்டாம். அருகிலுள்ள சிறு நகரம் 15 முதல் 30 கிலோமீட்டருக்குள் இருப்பது முதல்முறை போகிறவர்களுக்கு நல்லது. மருந்துக்கடையும் ஏடிஎம்மும் எட்டுகிற தூரத்தில் இருக்கும், நகரத்தின் இரைச்சல் வந்து சேராது.

படி 3: எந்த மாதம்?

மலைச்சரிவில் அடுக்கடுக்காக இருக்கும் நெல்வயல் நடவுக்கு முன் கண்ணாடி மாதிரி தண்ணீராக இருக்கும். சில வாரத்தில் பச்சை, அறுவடைக்கு முன் பொன்னிறம், அப்புறம் அறுத்த பயிரின் அடித்தாள் மட்டும். நீங்கள் பார்த்து மயங்கிய படம் இதில் ஏதோ ஒரு பதினைந்து நாளில் எடுத்தது. எனவே, அங்கே இருக்கிறவர்களிடம் "நாங்கள் வருகிற நேரத்தில் வயலில் என்ன நிற்கும்?" என்று கேளுங்கள். அருவிக்கும் ஆற்றுக்கும் இதே கேள்விதான்: அந்த மாதம் தண்ணீர் இருக்குமா?

மலையூர் என்றால் குளிரைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்து நகரத்தில் 26 டிகிரி என்றால், 1,500 மீட்டர் மேலே இருக்கும் கிராமத்தில் 16 பக்கம்தான். இரவில் இன்னும் இறங்கும்.

நட்சத்திரம் பார்க்க ஆசையா? அமாவாசையை ஒட்டிய நாட்களில் போங்கள். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை செல்போன் திரையைப் பார்த்தாலும் திரும்ப முதலிலிருந்துதான்.

படி 4: கடைசி இருபது கிலோமீட்டர்

பெரிய நகரம் வரை போக ரயிலோ விமானமோ எப்படியும் கிடைத்துவிடும். சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுங்கள்: கிராமத்துக்குள் போகிற கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? அந்த நேரத்துக்குப் பேருந்து நிலையத்தில் நிற்க வேண்டுமானால் எந்த ரயில்? அதைப் பார்த்த பிறகுதான் பெரிய டிக்கெட்டை எடுக்க வேண்டும்.

கடைசிப் பேருந்தை நம்பி இருக்காதீர்கள். அதற்கு முந்தியதைப் பிடிக்கிற மாதிரி வையுங்கள். கிராமத்துப் பேருந்து பல இடங்களில் பள்ளிக்கூட நேரத்தையும் சந்தை நாளையும் அனுசரித்து ஓடும். பள்ளி விடுமுறை விட்டால் சில நடை நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறையும். இணையத்தில் இருக்கிற கால அட்டவணை போன வருஷத்துடையதாக இருக்கலாம். தங்கப்போகிற வீட்டில் கேட்பதே நிச்சயம்.

சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போனால் வேறு கவனம் வேண்டும். மேப் சொல்கிற நேரத்தை மலைப்பாதையிலும் மண்சாலையிலும் நம்ப வேண்டாம். ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். மேப் சில சமயம் டிராக்டர் போகிற தடத்தையும் சாலை என்று காட்டிவிடும், ஆகவே கடைசிக் கிளைப்பாதை எது என்று வீட்டுக்காரரிடம் அடையாளத்தோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டேங்க் பாதிக்குக் குறையும் முன்பே நிரப்பிவிடுங்கள். எப்படிப் போனாலும் சரி, இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஊருக்குள் நுழைந்துவிட வேண்டும். வெளிச்சத்தில் ஒரு தடவை வழியைப் பார்த்துவிட்டால் இரவில் வாசலுக்கு இறங்கவும் பயம் இருக்காது.

படி 5: வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள்

செயலியில் புக் செய்தாலும் கட்டாயம் வீட்டுக்காரரிடம் போனில் பேசுங்கள். ஐந்து நிமிடப் பேச்சில் நூறு விமர்சனங்களைப் படிப்பதைவிட அதிகம் தெரிந்துவிடும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்:

"வணக்கம்ங்க, அடுத்த மாதம் நாலு பேர் வர்றோம். வீட்டுல நீங்களும் இருப்பீங்களா?"

"நாங்க கீழே இருப்போம், உங்களுக்கு மாடி."

"கரண்ட் அடிக்கடி போகுங்களா?"

"சாயங்காலம் ஒரு மணி நேரம் போகும். விளக்குக்கு இன்வெர்ட்டர் இருக்கு, ஹீட்டருக்கு இல்லை."

பாருங்கள், குளியலைக் காலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இப்போதே தெரிந்துவிட்டது. இதே மாதிரி குடிதண்ணீர், கழிப்பறை அறையோடு சேர்ந்ததா, சாப்பாடு வீட்டில் கிடைக்குமா, எந்த நெட்வொர்க்குக்குச் சிக்னல் கிடைக்கும், பணமாகத்தான் தரவேண்டுமா என்றும் கேளுங்கள். என்ன சாப்பிடுவீர்கள், என்ன ஒத்துக்கொள்ளாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். கிராமத்தில் நினைத்த நேரத்தில் கடைக்கு ஓட முடியாது, உங்களுக்காக அவர்கள் முன்கூட்டியே சாமான் வாங்கி வைக்க வேண்டியிருக்கும். கேட்டதற்கெல்லாம் "எல்லாம் இருக்கு, வாங்க" என்று மட்டும் பதில் வந்தால் நான் வேறு வீடு தேடுவேன். "இது இல்லை" என்று ஒன்றையாவது சொல்கிற வீட்டை நம்பலாம்.

படி 6: போனையும் பையையும் தயார் செய்யுங்கள்

அந்தப் பகுதி மேப்பை வீட்டிலிருந்தே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக வருவதால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் புள்ளியைக் காட்டும். மேப் இறக்கியிருந்தால்தான் அந்தப் புள்ளிக்கு அர்த்தம். சிக்னல் இல்லாத ஊரில் போன் ஓயாமல் டவரைத் தேடிச் சார்ஜைத் தின்றுவிடும், ஏரோப்ளேன் மோடில் போட்டு வையுங்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று போதும். அது சுமார் 74 வாட்-ஹவர்தான், விமானத்தில் கைப்பையில் வைக்க பொதுவாக அனுமதிக்கும் 100 வாட்-ஹவருக்குள் அடங்கிவிடும். முக்கியமான எண்களையும் முகவரியையும் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

துணி குறைவாகவும் அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்கிற மாதிரியும் இருக்கட்டும். ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ, டார்ச், மழைக்கோட்டு, தினமும் சாப்பிடும் மாத்திரை இரண்டு நாளைக்குக் கூடுதலாக, சில்லறை நோட்டுகள். சக்கரப் பெட்டி வேண்டாம். கல்லும் சேறுமாக இருக்கும் பாதையில் அதைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

படி 7: ஊரில் இருக்கும்போது

முதல் நாள் எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். ஊரை ஒரு சுற்று சுற்றுங்கள், எதிரே வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள், கடை இருந்தால் ஏதாவது வாங்குங்கள். அடுத்த நாள் எங்கே நடக்கலாம் என்பதை அங்கேயே சொல்லிவிடுவார்கள். மறுநாள் விடியும்போது எழுந்துவிடுங்கள். கிராமம் தன் வேலையைத் தொடங்குவது அப்போதுதான். மாடு கறக்கிற சத்தம், தண்ணீர் இறைக்கிற மோட்டார், வரப்பில் பனி. எட்டு மணிக்கு எழுந்தால் இதில் பாதி முடிந்திருக்கும்.

ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். வயலில் வேலை செய்கிறவர் காட்சிக்காக நிற்கவில்லை, அது அவருடைய வேலை நேரம்.

படி 8: நடை

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட ஒரு பழைய சூத்திரம் இன்றும் உதவுகிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பத்து கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டரை மணி நேரம். இது பழகிய கால்களுக்கான கணக்கு. புதிதாக நடப்பவர்கள் நான்கு மணி நேரம் வையுங்கள், பாதி நேரம் ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். கிளம்பும்போது எந்தப் பக்கம் போகிறோம், எப்போது வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள். ஆடுமாடுகள் எங்கே மேய வேண்டும் என்று யோசித்துத்தான் அதை வைத்திருப்பார்கள். கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றி விலகிப் போங்கள். அடுத்தவர் நிலத்தில் நடக்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு நடக்க உரிமை உண்டு, வேறு பல நாடுகளில் பாதையை விட்டு விலகினாலே அத்துமீறல். தெரியாத இடத்தில் கேட்டுவிட்டு நடங்கள்.

படி 9: உடம்பு

தண்ணீர் பற்றிச் சந்தேகம் இருந்தால் கொதிக்க வையுங்கள். நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். 2,500 மீட்டருக்கு மேல் தூங்கப் போகிறீர்கள் என்றால் தலைவலி, குமட்டல் வரலாம். வந்தால் மேலே ஏறாதீர்கள், அதிகமானால் உடனே கீழே இறங்குங்கள். இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக மருத்துவமனை. பாம்பு கடித்தால் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே கொண்டு போக வேண்டும். 112 என்ற அவசர எண் பல நாடுகளில் இயங்குகிறது. உங்கள் நெட்வொர்க்குக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் இருந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

படி 10: கிளம்பும் நாள்

காலையிலேயே கிளம்புகிற பேருந்தைப் பிடியுங்கள், தவறினால் இன்னொன்று இருக்கும். நீங்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக், பேட்டரி எல்லாவற்றையும் பையிலேயே எடுத்துப் போங்கள். குப்பை வண்டி வராத ஊரில் அது எங்கேயாவது புகைந்துகொண்டிருக்கும். பேசிய பணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வீட்டுக்காரரின் எண்ணைப் பெயரோடு சேமித்துக்கொண்டு, வருஷத்தில் தங்களுக்குப் பிடித்த மாதம் எது என்று அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நேராக அவர்களுக்கே போன் செய்து அந்த மாதத்துக்கு அறையைச் சொல்லிவிடலாம்.