14 இன்ச்சா 16 இன்ச்சா? நம்மூர் சித்திரை வெயில மறந்துட்டு லேப்டாப் வாங்குறவுக பண்ற தப்பு

போன சித்திரையில காரைக்குடி பக்கத்துல கானாடுகாத்தான்ல ஒரு கல்யாணம். நான் வீடியோ எடிட்டிங் பண்றவன், பொண்ணு வீட்டுக்காரவுக காலையில முகூர்த்தம் எடுத்தத சாயங்காலம் ரிசப்ஷன்லயே திரையில ஓட்டணும்னு சொல்லிட்டாக, சரின்னு நானும் தம்பியும் மேல ஒரு ஷீட் போட்ட ரூம்ல உக்காந்து ஃபுட்டேஜ ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டோம். அவன்கிட்ட இருந்தது வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகாத 14 இன்ச், ஐ9 சிப்பு, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு. என்னோடது நாலு வருஷப் பழசு, 16 இன்ச், ஒரு படி கீழ இருக்கற ஐ7 சிப்பு, தூக்குனா தோள் வலிக்கும். எடிட் பண்ணத முழு வீடியோவா மாத்துற எக்ஸ்போர்ட் போட்டதும் அவனோடது பிச்சிக்கிட்டு போச்சு, என்னைப் பாத்து ஒரு சிரிப்பு வேற. அஞ்சு நிமிஷம்தான். அப்புறம் ஃபேன் விசில் அடிக்குது, கீபோர்டுல கை வைக்க முடியல, பார் நகரவே மாட்டேங்குது. கடைசியில என் பழசுதான் மொதல்ல முடிச்சுது.

"அண்ணே, டிஃபெக்ட் பீஸ குடுத்து ஏமாத்திட்டாங்க போல"ன்னான். டிஃபெக்ட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, அந்த மிஷின் என்ன செய்யணுமோ அதத்தான் செஞ்சுது, வாங்குன விதத்துலதான் தப்பு. அதுக்கப்புறம் என்கிட்ட லேப்டாப் பத்திக் கேக்க வர்ற ஆளுங்க முக்காவாசிப் பேரு இதே தப்பத்தான் பண்றாக, அதான் உக்காந்து எழுதுறேன்.

மொத தப்பு, சிப்போட பேர மட்டும் பாத்து வாங்குறது. ஐ9னா ஐ9தானே, எந்தப் பொட்டியில இருந்தா என்னன்னு நினைக்கிறாக. இன்டெல்லோட 13900ஹெச் சிப்புக்கு அடிப்படை 45 வாட், டர்போல, அதாவது கொஞ்ச நேரத்துக்கு வேகத்த முறுக்கி ஓடுறப்ப, 115 வாட் வரைக்கும் போகும்னு கம்பெனியே போட்டிருக்கு. வாட் கூடுனா வேகமும் கூடும், சூடும் கூடும். இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல எங்க போய் நிக்கும்ங்கறத சிப் முடிவு பண்றதில்ல, லேப்டாப் செஞ்சவன் உள்ள எவ்வளவு பெரிய ஃபேனு, எத்தன செம்புக் குழாய், எவ்வளவு காத்து ஓட்டை வச்சிருக்கான்ங்கறதுதான் முடிவு பண்ணும். மொத அரை நிமிஷம் ஒரு நிமிஷம் எல்லா லேப்டாப்பும் டர்போல பறக்கும், அதுக்கப்புறம் மெலிசா இருக்கற 14 இன்ச்சு பல சமயம் அந்த 45 பக்கம் இறங்கிடும், தடியான 16 இன்ச்சு 70, 80னு புடிச்சு நிக்கும். பேரு ஒண்ணுதான், வேலை ஒண்ணு இல்ல.

கிராஃபிக்ஸ் கார்டுல இது இன்னும் மோசம். என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்லேருந்து 115 வாட் வரைக்கும் எங்க வேணா வச்சுக்கலாம், 4070 கார்டுக்கும் அதே 35லேருந்து 115தான், ரெண்டுலயும் மெமரி 8 ஜிபிதான். அப்ப ஒல்லியான பொட்டியில வாட்ட கொறச்சு வச்ச 4070க்கு, தடியான பொட்டியில முழு வாட்ல ஓடுற 4060 ஈடு குடுத்துரும், சில வேலையில முந்திக்கிட்டும் போகும். ஆனா கடையில 4070க்குத்தான் கூடுதல் காசு வாங்குவாக. டிஜிபி, அதாவது கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கி வச்ச பவர், எத்தன வாட்னு கேளுங்க, கடைக்காரருக்குத் தெரியலன்னா கம்பெனி பேஜ்ல பாருங்க, அங்கயும் போடலன்னா அடாப்டரத் திருப்பிப் பாருங்க. 100 வாட் அடாப்டர் குடுத்துட்டு உள்ள புலி இருக்குன்னு சொன்னா அந்தப் புலிக்குச் சாப்பாடு பத்தாதுன்னு அர்த்தம். பெரிய லேப்டாப்புக்கு 240, 330 வாட்னு செங்கல் சைஸ்ல குடுக்குறது சும்மா இல்ல.

இதுல இன்னொரு விஷயம், சிபியூவும் (மெயின் சிப்பு) ஜிபியூவும் (கிராஃபிக்ஸ் சிப்பு) பெரும்பாலும் ஒரே செம்புக் குழாயத்தான் பங்கு போட்டுக்கும். ஒண்ணு மட்டும் ஓடுனா தெரியாது. வீடியோ எக்ஸ்போர்ட், கேம், 3டி ரெண்டர் மாதிரி ரெண்டும் சேந்து ஓடுற வேலையிலதான் சின்னப் பொட்டிக்கு மூச்சு முட்டும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

அடுத்து நான் முக்கியமா நினைக்கிறது, ரிவ்யூ பாக்குறவுகளும் சரி ஷோரூம்ல தொட்டுப் பாக்குறவுகளும் சரி, அந்த ரூம்ல ஏசி ஓடுறத மறந்துர்றாக. த்ராட்டிலிங்னா என்ன, சிப் கிட்டத்தட்ட 100 டிகிரியத் தொட்டதும் தானே வேகத்தக் கொறச்சுக்கறது, அவ்வளவுதான். சூடு வெளிய போறது உள்ள இருக்கற சூட்டுக்கும் ரூம்ல இருக்கற சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தப் பொறுத்தது. ஷோரூம் 25 டிகிரின்னு வைங்க, வித்தியாசம் 75. காரைக்குடில மே மாசம் மத்தியானம் ஏசி இல்லாத ரூம்ல 40 டிகிரின்னா வித்தியாசம் 60தான். 75 இருந்த இடத்துல 60, அஞ்சுல ஒரு பங்கு காலி. அதே மிஷின், அதே ஃபேன், ரிவ்யூல 60 வாட்ட தாக்குப் புடிச்சது நம்ம ரூம்ல 48 வாட்லதான் நிக்கும். ரொம்ப நுணுக்கமான கணக்கு இல்ல இது, ஆனா கை கணக்குக்கு சரியா வரும். ஆப்பிள்காரங்க மேக்புக்குக்கு 10லேருந்து 35 டிகிரி வரைக்கும் உள்ள இடத்துல பயன்படுத்துங்கன்னு எழுதியே வச்சிருக்காக, நம்மூர் அக்னி நட்சத்திரத்துக்கு அதுல எடமே இல்ல.

அன்னிக்கு நாங்க மேல ஷீட் ரூம்ல உக்காந்ததே தப்புன்னு அப்புறம்தான் உறைச்சுது. கீழ அதே வீட்ல கனத்த சுண்ணாம்புச் சுவரு, எட்டாத உயரத்துல கூரை, நடுவுல முற்றம். சூட்டுக் காத்து மேல ஏறி முற்றம் வழியா வெளிய போயிரும், முகப்புலேருந்து புதுக் காத்து உள்ள வரும். வெப்பம் வெளிய போறதுக்கு ஒரு பாதை, புதுக் காத்து உள்ள வர ஒரு பாதை, நல்ல லேப்டாப்புக்குள்ளயும் இதேதான் நடக்குது. சாப்பாட்டுச் சத்தம், நாகஸ்வரம்னு பாத்து மேல போனோம், சத்தத்துக்குப் பயந்து சூட்டுல மாட்டுனோம்.

ரிவ்யூ பாக்குறப்ப இன்னொண்ணு. சில டெஸ்ட் அரை நிமிஷத்துல முடிஞ்சிரும், அதுல சின்னதும் பெருசும் ஒரே மார்க் வாங்கும். சினிபெஞ்ச் ஆர்23ங்கற சிப் வேக டெஸ்ட் வந்தப்பவே 10 நிமிஷம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குற மாதிரி வச்சாக, அந்த மாதிரி டெஸ்ட்ல மொத ரவுண்டு மார்க்க விட்டுட்டு கடைசி ரவுண்டு மார்க்கப் பாருங்க. கல்யாண வீட்ல மொத பந்தி எல்லா சமையக்காரரும் ஒழுங்காத்தான் போடுவாரு, நாலாவது பந்தியில சாம்பார் எப்படி இருக்குங்கறதுதான் விஷயம்.

அதுக்காக "அப்ப 16 இன்ச்சே வாங்கிருவோம்"னு கண்ண மூடிட்டு ஓடுறதும் தப்புதான். இஞ்சு கணக்கு வேற, உள்ள இருக்கற கூலிங் வேற. ஸ்க்ரீன் 16 இருக்கும், ஆனா அப்பளம் மாதிரி மெலிசா, காத்து ஓட்டை பேருக்கு ரெண்டு, அதுக்குள்ள ஐ9 ஹெச்எக்ஸ்ங்கற இன்னும் பசி கூடுன சிப்ப சொருகி விப்பாக. 13900ஹெச்எக்ஸ் டர்போல 157 வாட் போகும், அத மெலிசுப் பொட்டியில வைக்கிறது அண்டாச் சோத்த சொம்புல வடிக்கிற கதை. பெரிய கம்பெனிக்கும் இதுல சறுக்கிருக்கு. 2018ல ஆப்பிள் 15 இன்ச் மேக்புக் ப்ரோல ஐ9 போட்டப்ப வேகம் ரொம்ப இறங்குதுன்னு பிரச்சனை கிளம்பி, ஜூலை மாசமே சாஃப்ட்வேர் அப்டேட் விட்டு சரி பண்ணாக. அதனால எடையப் பாருங்க, தடிப்பப் பாருங்க, பின்னாடியும் பக்கத்துலயும் காத்து ஓட்டை இருக்கான்னு பாருங்க, அப்புறம் இஞ்சப் பாருங்க.

எல்லாருக்கும் 16 வேணுமான்னா வேணாம். கோடிங் எழுதுறவுக, டாலி பாக்குறவுக, ஃபோட்டோ எடிட் பண்றவுக, இவங்க வேலையெல்லாம் கொஞ்ச நேரம் சிப்ப முறுக்கிட்டு விட்டுரும், சூடு ஏறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும், 14 தாராளம். மேக்புக் ப்ரோல 14 இன்ச் சுமாரா 1.6 கிலோ, 16 இன்ச் 2.1, 2.2 கிலோ, இதுல அடாப்டர் சேக்கல. விண்டோஸ் கேமிங் பொட்டின்னா அடாப்டரோட மூணு கிலோவத் தாண்டிரும். மாசம் நாலு தடவ காலையில பல்லவன் ரயில்ல ஏறி சென்னை போறவன் நான், மடியில அந்த 16 இன்ச்ச வச்சு வேலை பாத்தா பக்கத்து சீட்டுக்காரர் முழங்கையில இடிபடுறதும் தொடை வேகுறதும் எனக்குத்தான் தெரியும். வீட்லயே ஒரே மேசையில வச்சு, அரை மணி ஒரு மணின்னு ரெண்டர் போடுறவுகளுக்குத்தான் பெருசு. நடுவுல மாட்டுனா? 14 இன்ச்ச வாங்குங்க, ஆனா உச்சத்துல இருக்கற சிப்ப வாங்காதீங்க. ஐ9க்குக் குடுக்குற கூடுதல் காச ராம்லயும் எஸ்எஸ்டிலயும் போடுங்க. சின்னப் பொட்டியில ஐ7க்கும் ஐ9க்கும் அரை மணி வேலையில பெருசா வித்தியாசம் தெரியாது, ரெண்டும் ஒரே வாட்லதான் வந்து நிக்கும்.

கரண்ட் விஷயத்த நிறைய பேரு யோசிக்கறதே இல்ல. மாசாந்திரப் பராமரிப்புன்னு ஒரு நாள் பூரா கரண்ட் இருக்காது. தனி கிராஃபிக்ஸ் கார்டு வச்ச விண்டோஸ் லேப்டாப் பிளக்கப் புடுங்குன உடனே வேகத்த நல்லாவே கொறச்சுக்கும், பேட்டரியால அவ்வளவு வாட்ட ஒரேடியா குடுக்க முடியாது. ஆப்பிள் சிப் வச்ச மேக்புக்ல அந்தப் பிரச்சனை ரொம்பக் கம்மி. இன்வெர்ட்டர்ல ஓட்டுவோம்னா 240 வாட் இழுக்குற பொட்டி மூணு மின்விசிறி சாப்புடறத ஒத்தையா சாப்புடும், வீட்ல பெரியவுக "விசிறி ஏண்டா நின்னு போச்சு"ன்னு கேப்பாக.

சிங்கப்பூர் மலேசியாவுல இருக்கற சொந்தக்காரவுக கிட்ட சொல்லி வாங்கிட்டு வரச் சொல்றது நம்ம பக்கம் ஜாஸ்தி. விலை கொறையும் சரி, ஆனா எல்லா மாடலுக்கும் இங்க வாரண்டி செல்லாது, கேட்டுட்டு வாங்குங்க. அங்க மூணு பட்டை முள்ளு பிளக்கு, அதுக்கு ஒரு மாத்து பின்னு தேடணும். அத விட முக்கியம், இங்க வெயில்ல ஓட்டிப் பாத்து சரியில்லன்னா திருப்பிக் குடுக்க வழியே இல்ல.

வாங்குனதுக்கு அப்புறம் பண்ற தப்பு தனி. 95 டிகிரின்னு பாத்ததும் பதறி சர்வீஸ் சென்டருக்கு ஓடுறது. சிப் அந்தச் சூட்டத் தாங்கறதுக்குத்தான் செஞ்சிருக்கு, டிகிரியப் பாக்காதீங்க, வாட்டையும் கிகாஹெர்ட்ஸையும் பாருங்க. ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஓட்டிப் பாத்தா எவ்வளவு வாட்ல நிக்குது, சூட்டாலதான் கொறச்சுச்சா, இல்ல கம்பெனி வச்ச வாட் லிமிட்டாலயான்னு காட்டிரும். மெத்தையில, தலையணையில, ஊஞ்சல்ல விரிச்ச சமுக்காளத்துல வச்சு ஓட்டுனா அடியில இருக்கற ஓட்டை மூடிக்கும். ஆத்தங்குடி கல் தரை சில்லுன்னு இருக்கேன்னு சில பேரு தரையிலயே வச்சுர்றாக, கல்லு சில்லுன்னு இருந்து புண்ணியமில்ல, தரைப் புழுதியெல்லாம் ஃபேன் இழுத்துக்கும், நம்மூர் செம்மண்ணு ஒரு வருஷத்துல உள்ள மெத்தை போட்டுரும். மேசையில வச்சு பின்பக்கத்த ரெண்டு விரக்கடை தூக்கி வைங்க, காசு செலவில்லாத கூலிங் பேட் அதுதான். வருஷத்துக்கு ஒரு தடவ தூசி எடுங்க.

பேட்டரிக்கும் சூடு ஆகாது. 100 சதவீதம் சார்ஜ்லயே மாட்டி வச்சு சூட்டுலயே ஓட்டுனா லித்தியம் பேட்டரி சீக்கிரம் சத்து இழந்துரும், 80ல நிறுத்துற செட்டிங் இருந்தா போட்டு விடுங்க. பேட்டரி ஆராய்ச்சி பண்ற செக்ரிங்கற மத்திய அரசு ஆய்வு நிலையம் நம்ம காரைக்குடிலயே இருக்கு, அழகப்ப செட்டியார் எடம் குடுத்து 1953ல திறந்தது, அந்த ரோட்லயே தெனம் போய்ட்டு வந்துட்டு பேட்டரிய வெயில்ல கார்ல விட்டுட்டுப் போறோம்.

கடைசியா ஒண்ணு, திருப்பிக் குடுக்கவோ மாத்தவோ எத்தன நாள் டைம்னு பில் போடும்போதே கேட்டுக்கங்க. வாங்குன மறுநாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு, நீங்க வழக்கமா உக்காருற அதே ரூம்ல, ஏசி போடாம, உங்க சொந்த வேலைய அரை மணி நேரம் ஓட்டுங்க. அஞ்சாவது நிமிஷம் எத்தன வாட், முப்பதாவது நிமிஷம் எத்தன வாட்னு எழுதி வைங்க. பாதியா இறங்கிட்டா தயங்காம எடுத்துட்டுப் போங்க.

தம்பிக்கு திருப்பிக் குடுக்குற அந்த நாளெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு, விக்கவும் மனசில்ல. பெர்ஃபாமன்ஸ் மோட விட்டுட்டு வாட்ட கொஞ்சம் கொறச்சு வச்சு ஓட்டுறான், விசில் நின்னுச்சு, ஆச்சரியம் என்னன்னா மொத்த நேரம் ஒண்ணும் கூடல, ஏறி ஏறி இறங்குறதுக்குப் பதிலா ஒரே சீரா போகுது. கல்யாணத்துக்குப் போனா இப்ப மேல ஏறறதில்ல, முற்றத்து ஓரமா ஒரு தூணப் பாத்து உக்காந்துக்கறான். நாகஸ்வரத்துக்கு ஹெட்போன் மாட்டிக்கிட்டான்.